களைப்பு கடன் தீர்க்குமா?

கோடை விடுமுறையிலோ, அக்டோபர் மாத மறைபரப்பு ஞாயிறையொட்டியோ நம் பங்கு இளைஞர்கள் மலைக் கிராமங்களுக்குப் பணிப் பயணம் மேற்கொள்வதை நாம் அறிவோம். புறப்படும் நாளில் பீடத்தின் முன் நின்று பங்குத்தந்தையின் ஆசீரைப் பெறுகிறார்கள். பெற்றோர் வந்து வழியனுப்புகிறார்கள். அங்கே நடந்தவை பின்னர் அறிக்கையாகி, நிழற்படங்களோடு அறிவிப்புப் பலகையில் இடம்பெறுகின்றன. ஆனால் திரும்பி வரும் வழியைப் பற்றி நாம் பேசுவது அரிது. அதை வெறும் போக்குவரத்து என்று விட்டுவிடுகிறோம். அந்த வழியில்தான், உடல் ஓய்ந்து மனம் பேசத் தொடங்கும் வேளையில், சிந்திக்க வேண்டிய ஓர் அறக்கேள்வி எழுகிறது.

ஜவ்வாது மலையிலிருந்து இறங்கும் ஓர் இளைஞர் குழுவை எண்ணிப் பார்ப்போம். சிறுவர்களுக்குப் பாட்டுச் சொல்லிக்கொடுத்துத் தொண்டை கட்டியிருக்கிறது. சிற்றாலயத்துக்குச் சுண்ணாம்பு அடித்த தோள்கள் வலிக்கின்றன. வீடு வீடாக ஏறி இறங்கிய கால்களில் கொப்புளங்கள். ஜமுனாமரத்தூரிலிருந்து போளூருக்கு இறங்கும் மலைப்பாதையின் வளைவுகளில் சிலருக்குத் தலைசுற்றல். அதன்பின் இரவு முழுதும் மற்றொரு பேருந்து. போகும்போது பாடிக்கொண்டே போனவர்கள் இப்போது ஒருவர் தோளில் ஒருவர் சாய்ந்து உறங்குகிறார்கள். ஆயினும் அந்தக் களைப்பில் ஓர் இனிமை இருக்கிறது. 'நம்மால் இயன்றதைச் செய்துவிட்டோம்' என்ற நிறைவு அது. கடனை அடைத்தவன் பற்றுச்சீட்டைச் சட்டைப்பையில் வைத்துக்கொள்வதுபோல, நாமும் களைப்பை நெஞ்சில் வைத்துக்கொண்டு வீடு திரும்புகிறோம். களைப்பு அப்படிப்பட்ட பற்றுச்சீட்டுத்தானா? அதனால் அன்பின் கடன் தீர்ந்துவிடுமா?

உடலின் சோர்வை நம் விசுவாசம் ஒருநாளும் இழிவாகக் கருதியதில்லை. பயணத்தால் களைத்த ஆண்டவர் சமாரியாவின் கிணற்றருகே அமர்ந்ததை யோவான் மறைக்காமல் எழுதுகிறார். பணி முடித்துத் திரும்பிய திருத்தூதரை, தனிமையான இடத்துக்குச் சென்று சற்று ஓய்வெடுக்க அவர் அழைத்ததாக மாற்கு கூறுகிறார். எனவே, பேருந்தில் உறங்கும் இளைஞரை எவரும் குறை கூற வேண்டியதில்லை. உழைத்தவருக்கு உறக்கம் உரியது. நாம் ஆராய்வது சோர்வை அன்று; சோர்வின்மேல் நாம் எழுப்பிக்கொள்ளும் உரிமையை.

களைப்பு இரு வகையாகும். ஒன்றுக்குத் திரும்பிச் செல்லப் பேருந்து உண்டு, மற்றொன்றுக்கு இல்லை. மலையில் சாமை விளைவித்து, புளியும் கடுக்காயும் பொறுக்கி விற்று வாழும் தாய் ஒருத்தி விறகுக்கட்டோடு ஏறிவரும் பாதையில், நம் இளைஞர்கள் ஐந்து நாள்கள் நடந்தார்கள். அவளோ அடுத்த நாளும் நடப்பாள். அடுத்த ஆண்டும் நடப்பாள். அவளுடைய சோர்வை எவரும் தொண்டு என்று அழைப்பதில்லை. அதற்கு நன்றி கூறி மாலை அணிவிப்பாரும் இல்லை. விருந்தினருக்கென்று அவள் சமைத்துப் போட்டதும் அந்தச் சோர்வின் நடுவேதான். இதை உணர்ந்தவர், நாம் கொடுத்தோம், அவர்கள் பெற்றார்கள் என்று கணக்கு எழுதத் துணிவாரோ?

நம்மைச் சுமந்து செல்லும் பேருந்தின் ஓட்டுநரும் கண்விழித்தே இருக்கிறார். வீட்டில் கதவு திறக்கக் காத்திருக்கும் தாய், விடிந்தவுடன் அழுக்குத் துணிகளை ஊறவைத்துவிட்டு வழக்கமான வேலைக்குத் திரும்புவாள். மலையில் முன்பின் அறியாதவரின் குடத்தைச் சுமந்த மகன், வீட்டுக் குடத்தைத் திரும்பியும் பாராமல், 'நான் களைத்து வந்திருக்கிறேன்' என்று சொன்னால், அவனது தொண்டு எங்கே நின்றுவிட்டது? பற்றுச்சீட்டாக மாறிய களைப்பு, பிறருடைய களைப்பைக் காணும் கண்ணை மூடிவிடுகிறது. அதன் ஆபத்து இதுவே.

'அப்படியானால் இந்தப் பயணங்களே வேண்டாமே. ஐந்து நாளில் யாருக்கு என்ன பயன்?' என்று கேட்கும் பெரியவர்கள் நம் பங்குகளில் உண்டு. அவர்களது கேள்வியை ஒதுக்கிவிட முடியாது. அடித்த சுண்ணாம்பு இரண்டு மழைக்காலத்தில் உதிர்ந்துவிடும். ஆனால் ஒருவருடைய வாழ்வின் பாரத்தைத் தன் தோளில் சிறிதளவேனும் உணர்ந்தவன், அதைப் பற்றி ஏட்டில் மட்டும் படித்தவனைப் போல் இனி இருக்க இயலாது. களைப்பின் பயன் அங்கேதான். அது நம் தகுதிக்குச் சான்றாகாமல், பிறரின் தேவைக்குச் சாட்சியாக வேண்டும்.

இதற்குப் புனித சவேரியாரைவிட நமக்கு நெருங்கிய எடுத்துக்காட்டு வேண்டுவதில்லை. 1542 அக்டோபரில் முத்துக்குளித்துறைக்கு வந்த அவர், 1544 சனவரியில் கொச்சியிலிருந்து உரோமையில் இருந்த தம் சபையினருக்கு எழுதிய மடலில், திருமுழுக்கு அளித்து அளித்துத் தம் கைகள் சோர்ந்துபோவதைக் குறிப்பிடுகிறார். தம்மைப் புகழ்ந்துகொள்ள அவர் அதை எழுதவில்லை. ஆள் போதவில்லையே என்ற ஏக்கமே அம்மடலில் ஓங்கி ஒலிக்கிறது. ஐரோப்பாவின் பல்கலைக்கழகங்களுக்குச் சென்று கூவியழைக்க வேண்டும் என்று அவர் துடிக்கிறார். தம் கையின் வலி அவருக்குப் பிறரது தேவையை நினைவூட்டியது. அவருக்குத் திரும்பும் பயணமே வாய்க்கவில்லை. 1552 டிசம்பர் 3ஆம் நாள் சீனத்தின் கரையோரத் தீவொன்றில் அவர் இறந்தார்.

அவரோடு மறைபரப்பு நாடுகளின் பாதுகாவலியாக 1927இல் அறிவிக்கப்பட்ட குழந்தை இயேசுவின் புனித தெரேசாளோ, மறைபரப்பு நாடு எதையும் கண்டவரல்லர். 1897இல் காசநோய் முற்றிய நிலையில் லிசியே நகர் மடத்துத் தோட்டத்தில் தள்ளாடி நடந்தபோது, எங்கோ தொலைவில் களைத்திருக்கும் ஒரு மறைப்பணியாளரின் சோர்வு குறைய வேண்டுமென்று தம் சோர்வை ஒப்புக்கொடுத்ததாகக் கூறினார். ஒருவர் திரும்பவே இல்லை. மற்றவர் புறப்படவே இல்லை. இருவருடைய களைப்பும் தமக்கென்று எதையும் கோரவில்லை.

நம் இளைஞர்களோ சென்று திரும்புகிறவர்கள். அவர்களுக்குத் திருத்தூதர் பணிகள் நூலின் 14ஆம் அதிகாரம் வழிகாட்டுகிறது. லிஸ்திராவில் பவுலைக் கல்லால் எறிந்து, இறந்துவிட்டார் என்று எண்ணி நகருக்கு வெளியே இழுத்துப் போட்டார்கள். பின்னர் அவரும் பர்னபாவும் திரும்பும்போது அந்த ஊரை ஒதுக்கிவிட்டு வரவில்லை. லிஸ்திரா வழியாகவே வந்து, அங்கிருந்த சீடர்களைத் திடப்படுத்தினார்கள். இறுதியில் தங்களை அனுப்பிய அந்தியோக்கியாவை அடைந்து சபையைக் கூட்டியபோது, கடவுள் செய்தவற்றை அறிவித்தார்கள் என்று லூக்கா எழுதுகிறார். கல்லடியின் கணக்கை அவர்கள் விரித்ததாக அங்கே ஒரு சொல்லும் இல்லை. அவர்களுக்குத் திரும்பும் வழியும் பணியாகவே இருந்தது.

மலையை விட்டு இறங்குகையில் நம் இளைஞர்கள் பெரும்பாலும் ஒரு சொல்லை விட்டுவருகிறார்கள். பேருந்தின் பின்னே ஓடிவரும் குழந்தைகளிடம், 'மறுபடியும் வருவோம்' என்று கையசைக்கிறார்கள். சொன்னவர் உறங்கி எழுந்ததும் அதை மறந்துவிடக்கூடும். கேட்ட குழந்தை நாள்களை எண்ணிக்கொண்டிருக்கும். அன்பு என்னும் கடனைத் தவிர வேறு எதிலும் எவருக்கும் கடன்பட வேண்டாம் என்று பவுல் உரோமையருக்கு எழுதினார். மற்றக் கடன்கள் கட்டினால் தீரும். இந்தக் கடன் கட்டக் கட்ட வளரும்.

ஆகவே, அடுத்த ஞாயிறு திருப்பலிக்குப் பின் அவர்களை நாம் சந்திக்கையில், எத்தனை வீடு பார்த்தீர்கள், எவ்வளவு களைத்தீர்கள் என்று கேட்பதோடு நின்றுவிட வேண்டாம். யாருடைய பெயரை அறிந்து வந்தீர்கள், அவர்களுக்கு என்ன வாக்குக் கொடுத்தீர்கள், அதை எப்போது நிறைவேற்றப் போகிறீர்கள் என்றும் கேட்போம். நிறைவேற்றப் பணமும் துணையும் வேண்டுமெனில், அந்த வாக்கில் அனுப்பிவைத்த நமக்கும் பங்கு உண்டு.