முடியாத வலையும் முடிக்காத நூலும்

கையில் நடந்துகொண்டிருக்கும் வேலையையும் படித்துக்கொண்டிருக்கும் நூலையும் அவை முடியும் முன்பே பிறருடன் பகிர்ந்துகொள்ளலாமா என்ற கேள்வி சிறியதாகத் தோன்றினாலும், மனிதர் தம் உழைப்பையும் அறிவையும் தனியே வைத்துக்கொள்கிறாரா, கூடி வளர்க்கிறாரா என்பது அதற்கு அவர் தரும் விடையிலேயே தெரிந்துவிடும். முழுமை பெற்றதை மட்டுமே பிறர்முன் வைக்க வேண்டும் என்று பலர் கருதுகின்றனர். வடசென்னைக் கடற்கரையின் வலைத்தொழில் அக்கருத்தை மறுக்கிறது.

ராயபுரத்தை அடுத்த காசிமேடு மீன்பிடித் துறைமுகத்திலும், திருவொற்றியூர், எண்ணூர்க் குப்பங்களிலும், அதாவது கடலோர மீனவர் குடியிருப்புகளிலும், வலை ஒருநாளும் முடிந்துவிட்ட பொருளாக இருப்பதில்லை. பாறையில் சிக்கியும் நண்டு கடித்தும் அது கிழிந்துகொண்டே இருக்கும். 2023 டிசம்பர் வெள்ளத்தோடு எண்ணூர் முகத்துவாரத்தில் பரவிய எண்ணெய்க் கழிவு, படகுகளோடு வலைகளையும் கறைப்படுத்தியது. மீன்களின் இனப்பெருக்கத்தைக் காப்பதற்காகக் கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள்கள் விசைப்படகுகள் கடலுக்குச் செல்லத் தடை விதிக்கப்படுகிறது. படகைப் பழுதுபார்ப்பதும் வலையைச் சீர்செய்வதும் பெரும்பாலும் அந்த நாள்களில்தான் நடக்கின்றன.

வலையின் ஒவ்வொரு சிறு கட்டமும் கண் எனப்படும். கிழிந்த இடத்தை அப்படியே தைத்து மூடிவிட முடியாது. முதலில் பிய்ந்த ஓரங்களைக் கத்தியால் வெட்டி, கிழிசலை இன்னும் பெரிதாக்கி, மூன்று இழைகள் மிஞ்சி நிற்கும் ஒரு முடிச்சைத் தொடக்கமாகத் தேர்ந்துகொள்ள வேண்டும். பின்னர், நூல் சுற்றிய வலை ஊசியைக் கண்ணுக்குக் கண் செலுத்தி, விரல் அளவையே அளவுகோலாகக் கொண்டு வரிசை வரிசையாக முடிச்சிட்டு வந்தால், இறுதியிலும் அத்தகைய ஒரு முடிச்சில்தான் வேலை நிறைவுறும். தொடக்கம் தவறினால் கடைசி வரிசையில் ஒரு கண் மிஞ்சும் அல்லது குறையும். பருத்தி நூல் வலைகளை மரப்பட்டைத் துவர்ச்சாற்றில் தோய்த்துக் காத்த காலம் போய் நைலான் வந்த பின்னும் கையின் இந்த முறை மாறவில்லை.

இவ்வேலை திறந்த வெளியில், பலர் கண்முன் நடக்கிறது என்பதே இங்குக் கவனிக்கத்தக்கது. ஒரே மடியை, அதாவது பை போன்ற இழுவை வலையை, நால்வர் நான்கு கிழிசல்களிலிருந்து சீர்செய்யலாம்; ஒருவர் விட்ட இடத்தில் மற்றொருவர் தொடரலாம்; இளையவரின் முடிச்சு தளர்ந்திருந்தால் மூத்தவர் அங்கேயே அவிழ்த்துக் காட்டலாம். பாதியில் இருப்பது வெளியே தெரிவதால்தான் அதைத் திருத்த முடிகிறது.

வாசிப்போ இன்று பெரும்பாலும் தனிமையில், வாய்க்குள் அடங்கிவிட்டது. முன்பு அது அவ்வாறு இருக்கவில்லை. திருவொற்றியூர்க் கோயிலில் இலக்கணம் கற்பிப்பதற்கென்றே சோழர் காலத்தில் வியாகரண தான மண்டபம் இருந்ததைக் கல்வெட்டுகள் கூறுகின்றன. தொண்டை மண்டலத்துத் திரௌபதி அம்மன் கோயில்களில் பாரதம் படிப்பதை ஊரே கூடிக் கேட்கும் வழக்கம் இன்றும் உண்டு. தொழிற்கூடமும் இதற்கு விலக்கன்று: ஹவானாச் சுருட்டு ஆலைகளில் 1865 முதல் தொழிலாளரே ஊதியம் தந்து ஒருவரைப் படிக்கச் சொல்லிக் கேட்டனர், கண்ணூர்ப் பீடித் தொழிலாளர் இலை சுருட்டிக்கொண்டே நாளிதழும் நாவலும் செவிவழி அறிந்தனர். கை ஓயாத தொழிலிலும் செவி ஓய்ந்திருப்பதால், வேலையும் வாசிப்பும் அங்கு ஒன்றையொன்று தடுக்கவில்லை.

வாசிப்பைப் பகிர்ந்ததற்குச் சென்னையிலும் ஒரு முன்மாதிரி உண்டு. இங்கு மீனவர் குடும்பத்தில் 1860இல் பிறந்த சிங்காரவேலர் பெரிய நூலகம் ஒன்றைத் தம் வீட்டில் சேர்த்தவர். 1923இல் இந்நாட்டின் முதல் மே நாளைச் சென்னைக் கடற்கரையில் கொண்டாடியவர். தாம் கற்ற அறிவியலைக் குடி அரசு இதழில் எளிய தமிழில் எழுதியதன் மூலம், தம் வாசிப்பை நூலகத்துக்குள் பூட்டி வைக்காமல் எல்லாருக்கும் உரியதாக்கினார்.

முழுதும் படிக்காமல் கருத்துச் சொன்னால் பிழை நேராதா என்று கேட்கலாம். நேரும், ஆனால் சொல்லப்பட்ட பிழையையே பிறர் திருத்த இயலும். கடலுக்குப் போன கணவனின் உயிர் கரையிலுள்ள மனைவியின் கற்பைப் பொறுத்தது என்ற நம்பிக்கையைச் சுற்றி எழுந்த தகழியின் செம்மீன் நாவலைக் காசிமேட்டு வலைக்கூடத்தில் ஒருவர் படித்தால், புயலையும் நீரோட்டத்தையும் இயந்திரக் கோளாற்றையும் அறிந்தவர்கள் பாதிக் கதையிலேயே வாதிடத் தொடங்குவர். தென்கடற்கரை மீனவர் வாழ்வைச் சொல்லும் வண்ணநிலவனின் கடல்புரத்தில், ஜோ டி குரூஸின் ஆழி சூழ் உலகு ஆகிய நாவல்களை வடசென்னையின் ஆலைகளுக்கும் துறைமுகங்களுக்கும் இடையே வாழ்வோர் படிக்கும்போது, தங்கள் கடற்கரை எவ்வாறு வேறுபடுகிறது என்பதையும் சேர்த்தே பேசுவர். நூலின் ஆசிரியர் அறியாததை வாசகர் அறிந்திருக்கக்கூடும். அது வெளிவர அந்தப் பேச்சு வேண்டும்.

ஆகவே, தடைக்காலத்தின் 61 நாள்களிலாவது கிளை நூலகங்களின் நூல்கள் வலைக்கூடங்களுக்குச் செல்ல வேண்டும். நால்வர் முடிச்சிட ஒருவர் படிக்க வேண்டும். கடலோடு தொடர்பில்லாதவர்களும், கையில் எந்த வேலை இருக்கிறது, எந்த நூல் எதுவரை வந்திருக்கிறது என்பதை வீட்டாரிடமும் உடன் உழைப்பவரிடமும் இன்றே சொல்லத் தொடங்கலாம். முடியட்டும் என்று காத்திருக்கத் தேவையில்லை.