பக்கத்தில் நிற்பவரின் கண்

அமெச்சூர் டென்னிஸ் போட்டிகளில் அம்பயர் கிடையாது. ஃபைனலுக்கு வேண்டுமானால் மூத்த உறுப்பினர் ஒருவரை உயர நாற்காலியில் ஏற்றி உட்கார வைப்பார்கள். அதுவரை பந்து உள்ளே விழுந்ததா, வெளியே போனதா என்று ஆடுபவர்களே சொல்லிக்கொள்ள வேண்டியதுதான். வலைக்கு அந்தப் பக்கம் விழுந்தால் அவர்கள் சொல்வார்கள், இந்தப் பக்கம் விழுந்தால் நாம். யோசித்துப் பார்த்தால் விசித்திரமான ஏற்பாடு. வழக்காடுபவனே நீதிபதி, அதுவும் தீர்ப்பு சொன்ன கையோடு ஆதாயம் கைக்கு வந்துவிடும் வழக்கு.

சென்னை கிளப்புகளில் வார இறுதியில் நடக்கும் டபுள்ஸ் போட்டிகளைப் பார்க்க வேண்டும். இரண்டு பேர் வயதையும் கூட்டி 90க்கு மேல், 105க்கு மேல் என்று பிரிவு வைப்பார்கள். ரிட்டயரான வங்கி அதிகாரி, பல் டாக்டர், மகனைப் பயிற்சிக்கு அழைத்துவந்து தானும் ராக்கெட் பிடித்துவிட்ட அப்பா. பாதிப் பேருக்கு முழங்காலில் பட்டை. சிங்கிள்ஸில் 27 அடி அகலமான கோர்ட் டபுள்ஸில் 36 அடியாகிறது, ஆனால் ஆளும் இரட்டிப்பாவதால் ஓட்டம் குறைந்து பேச்சு கூடிவிடுகிறது. “யுவர்ஸ்!”, “மைன்!”, “விடுங்க, விடுங்க, வெளியே போகுது!” நடுவில் வரும் பந்தை ஒருவருக்கொருவர் மரியாதையாக விட்டுக்கொடுத்து, அது இருவருக்கும் இடையே போய்ப் பின்வேலியில் மோதும். உடனே இரண்டு பக்கமிருந்தும் “சாரி பார்ட்னர்.” ஒரு செட்டில் விழும் சாரிகளை எண்ணினால் பாயிண்டுகளைத் தாண்டிவிடும்.

ஆடுகிறவர்கள் நாணயமானவர்களாக இருந்தால் கோட்டுத் தகராறு ஏன் வருகிறது என்று கேட்கலாம். சிக்கல் மனத்தில் மட்டும் இல்லை, கண்ணிலும் இருக்கிறது. 2007 விம்பிள்டன் ஆட்டங்களின் ஒளிப்பதிவுகளைக் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாக ஆய்வாளர்கள் அலசியிருக்கிறார்கள். கோட்டு நடுவர்கள் செய்த தவறுகள் இரண்டு பக்கமும் சமமாக விழவில்லை. உள்ளே விழுந்ததை ‘அவுட்’ என்று சொன்ன தவறுகள்தான் மிக அதிகம். ஓடுகிற பொருளை அது போகும் திசையிலேயே கொஞ்சம் தள்ளிக் காட்டுவது மூளையின் பழக்கமாம். அசையாமல் நின்று, எந்தப் பக்கம் ஜெயித்தாலும் லாபமில்லாமல் பார்த்தவர்களுக்கே இந்தக் கதி. நம் ஆளோ ஓடிக்கொண்டே பார்க்கிறார். தலை ஆடுகிறது, மூச்சு வாங்குகிறது, போதாக்குறைக்கு அந்தப் பாயிண்ட்டும் தேவைப்படுகிறது. சந்தேகம் வந்தால் பலனை எதிராளிக்குக் கொடு என்ற பழைய வழக்கத்துக்கு இந்த ஆய்வு தேவைப்படவில்லை. ஆடியவர்களுக்கு முன்பே தெரிந்திருக்கிறது.

இன்னொன்றும் தெரிந்திருக்கிறது. கோட்டைக் குறுக்கே பார்ப்பவரைவிட அதன் நீளவாக்கில் பார்ப்பவருக்குத்தான் பந்து விழுந்த இடம் சரியாகத் தெரியும். அதனால் சர்வீஸ் கோட்டைப் பற்றிச் சொல்ல வேண்டியவர், அதற்கு நேராக நிற்கும் பார்ட்னர்தான். ஆனால் வாய் முந்திக்கொள்வது சர்வை வாங்குகிறவருக்கு.

அப்படி ஒரு செமிஃபைனல். மூன்றாவது செட்டுக்குப் பதிலாக 10 பாயிண்ட் டை-பிரேக், 8-7. எதிரணியின் இரண்டாவது சர்வ் சர்வீஸ் கோட்டை ஒட்டி விழுந்து தாழ்வாக வழுக்கியது. வாங்கியவர் 60ஐத் தாண்டியவர், எல்லோருக்கும் ‘சார்’. பந்தை வலையில் அடித்துவிட்டு விரலை உயர்த்தி “அவுட்” என்றார். டபுள் ஃபால்ட், 9-7. இன்னும் ஒரே பாயிண்ட்தான் பாக்கி. களிமண் கோர்ட்டாக இருந்தால் பந்தின் தடம் சாட்சி சொல்லியிருக்கும், இது சிமென்ட். எதிரணியினர் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டதோடு சரி. டியூஸ் பக்கம் நின்றிருந்த பார்ட்னர், 40 வயதுக்காரர், ராக்கெட் ஸ்ட்ரிங்கை விரலால் நெருடிக்கொண்டே நடந்து வந்து குனிந்து ஏதோ சொன்னார். சாரின் முகம் சுண்டிவிட்டது. அப்புறம் கையைத் தூக்கி, “பந்து உள்ளே. உங்க பாயிண்ட்” என்றார். 8-8. அடுத்த இரண்டும் போய் ஆட்டமும் போனது. அதில் ஒன்று சார் எரிச்சலில் வேலிக்கு அடித்த ஃபோர்ஹேண்ட்.

பிறகு டீ குடிக்கும்போது சார், “சத்தியமா வெளியேன்னுதான்பா நினைச்சேன்” என்றார்.

“தெரியும் சார். அதனாலதான் உங்ககிட்ட வந்து சொன்னேன்.”

அம்பயர் இல்லாத ஆட்டங்களுக்கென்று அமெரிக்க டென்னிஸ் சங்கம் ஒரு நடத்தை விதித் தொகுப்பு வைத்திருக்கிறது. பார்ட்னர்கள் இருவரும் மாற்றிச் சொன்னால் பந்து உள்ளே விழுந்ததாகவே கணக்கு என்கிறது அது. பார்ட்னர் மனம் நோகுமே என்று பார்ப்பதைவிட எதிராளிக்குச் சந்தேகத்தின் பலனைக் கொடுப்பது முக்கியம் என்றும் சொல்கிறது. அதோடு நிற்கவில்லை. பார்ட்னரிடம் மெதுவாகச் சொல்லி, பாயிண்ட்டை விட்டுக்கொடுப்பதை அவரையே செய்யவிடுவது நயமான வழி என்று யோசனையும் கூறுகிறது. விதிப் புத்தகம் எழுதியவர்கள் மாமியார், மருமகள், முதலாளி, குமாஸ்தா எல்லோரையும் பார்த்துவிட்டுத்தான் எழுதியிருக்க வேண்டும்.

அந்த டீக்கடைப் பதிலைத்தான் நான் வெகுநாள் அசைபோட்டேன். சார் பொய் சொல்கிறார் என்று நினைத்திருந்தால் பார்ட்னர் சத்தம் போட்டிருப்பார், அல்லது ஒத்து ஊதிவிட்டு, அடுத்த போட்டிக்கு வேறு ஆள் தேடியிருப்பார். நாணயமானவர் என்று தெரிந்ததால்தான் காதோரம் போய்ச் சொல்ல முடிந்தது. நேர்மையை நாம் தனி ஆளின் சொத்தாகவே நினைத்துப் பழகியிருக்கிறோம். நல்லவனாக இருந்தால் போதும், சரியாகத்தான் சொல்வான் என்று. கோர்ட் அப்படிச் சொல்லவில்லை. நல்லவனின் கண்ணும் தனக்கு வேண்டிய பக்கமாகவே பந்தைத் தள்ளிக் காட்டும், அது தள்ளப்பட்டது என்று அவனுக்கே தெரியாது. நான் நேர்மையாக இருப்பதற்கு எனக்கு இன்னொருவர் தேவை, என் ஜெயிப்பில் பங்கு இருந்தும் அதைவிட்டு எழுந்து வரக்கூடிய ஒருவர்.

ஜெயிப்பது ஜோடியைக் காப்பாற்றும் என்பதும் நிச்சயமில்லை. 1999இல் லியாண்டர் பயஸும் மகேஷ் பூபதியும் நான்கு கிராண்ட்ஸ்லாம் ஃபைனல்களுக்கும் போய், பிரெஞ்சு ஓப்பனையும் விம்பிள்டனையும் வென்றார்கள். அதே காலத்தில்தான் அவர்களுக்குள் விரிசலும் விழுந்தது.

பார்ட்னர் தேடும்போது எல்லோரும் பெரிய சர்வ் இருக்கிறதா, இடதுகைக்காரரா, வலையருகே நின்று வாலி அடிப்பாரா என்று பார்ப்பார்கள். நானும் பார்ப்பேன், அதெல்லாம் வேண்டாமென்று சொல்லும் அளவுக்கு நான் துறவி இல்லை. கூடவே முதல் ஆட்டத்திலேயே ஒன்றைக் கவனிப்பேன்: நான் “அவுட்” என்று சொன்னதும் அவர் கோட்டைப் பார்க்கிறாரா, என் முகத்தைப் பார்க்கிறாரா என்று.