எம்பெருமானிடம் எதைக் கேட்பது?





அடியேன் அரசாங்க எழுதுவினைஞராகப் பல ஆண்டுகள் கடமையாற்றியவன். மனுக்களை வாசித்துக் கோவையில் சேர்ப்பதே எனது தொழிலாக இருந்தது. சனங்கள் நான்கு பக்கம் எழுதுவார்கள். குடும்பக் கஷ்டம், காணித் தகராறு, அயலாருடைய கொடுமை எல்லாம் அதில் இருக்கும். ஆனால் தமக்கு என்ன வேண்டும் என்ற ஒரு வரி மட்டும் இருக்காது. உதவிப் பணத்திற்கு எழுதிக்கொண்டு வந்த ஒரு வயோதிபத் தாயிடம், "அம்மா, இப்ப உங்களுக்கு என்ன வேணும்?" என்று கேட்டேன். அவர் நெடுநேரம் பேசாமல் நின்றுவிட்டு, "காசு கிடக்கட்டும் தம்பி, என்ரை பெடியன் எங்கையெண்டு கேட்டு ஒரு கடிதம் எழுதித் தாரும்" என்றார். அந்த நான்கு பக்கத்தில் மகனைப் பற்றி ஒரு சொல்லும் இருக்கவில்லை.

இப்போது திருவிழாக் காலங்களில் அர்ச்சனைச் சீட்டு எழுதும் மேசையில் அமர்கிறேன். பெயரும் நட்சத்திரமும் சொல்வதில் எவருக்கும் தடுமாற்றமில்லை. குருக்கள் ஐயா அவற்றைச் சொல்லிச் சங்கற்பம் செய்கிறார். இன்ன இடத்தில், இன்ன நாளில், இன்னார், இன்ன பலன் கருதி இதைச் செய்கிறார் என்று இறைவன் முன் உரைப்பதே சங்கற்பம். அந்தப் பலன் எது என்பதை நாம்தான் நெஞ்சில் தெளிந்து கொண்டு வரவேண்டும். பரீட்சை, விசா, வீடு, கலியாணம் என்று பலதையும் கேட்கிறோம். அவற்றின் அடியில் உண்மையில் எதை வேண்டி நிற்கிறோம் என்பதை எண்ணிப் பார்ப்பதில்லை.

இதனை அடியேன் பிறருக்குப் புத்தி சொல்வதற்காக எழுதவில்லை. 1995ஆம் ஆண்டு ஒக்டோபர் 30ஆம் திகதி இரவு வலிகாமத்து மக்கள் இடம்பெயர்ந்தபோது, ஏழு வயது மகனைச் சைக்கிளில் இருத்தி, மழையில் நாவற்குழிப் பக்கமாக உருட்டிக்கொண்டு போனேன். அன்று பிள்ளையாரிடம் கேட்டது ஒன்றே ஒன்று. இந்தப் பிள்ளை உயிரோடு இருக்கவேண்டும். யோசித்துக் கேட்டதல்ல, தானாகவே வாயில் வந்தது.

2008இல் அவன் வெளிநாடு போய்ச் சேரவேண்டும் என்று நேர்த்தி வைத்தேன். போய்ச் சேர்ந்தான். அங்கப்பிரதட்டை செய்து நேர்த்தியைத் தீர்த்தேன். பிறகு அவனுக்கு வேலை, வீடு, நல்ல சம்பந்தம் என்று வருடந்தோறும் கேட்டேன். எல்லாம் கிடைத்தன. சில வருடங்களுக்கு முன் என் மனைவி சிவபதமடைந்தபோது அவனால் வரமுடியவில்லை. தம்பியின் மகன்தான் கொள்ளி வைத்தான். அதன்பின், துடக்குக் கழிந்தும் சில மாதங்கள் நான் கோயிலுக்கு வரவில்லை. சுகமில்லை என்றுதான் எல்லோருக்கும் சொன்னேன். உண்மையில் பிள்ளையாரோடு கோபம்.

பங்குனிச் சுவாதி காரைக்காலம்மையார் குருபூசை. அன்று புராணபடனம் கேட்க அயலவர் ஒருவர் வற்புறுத்தி அழைத்து வந்தார். கணவன் பரமதத்தன் இரண்டாவது மாங்கனியைக் கேட்டபோது, அதனை அடியாருக்கு ஈந்துவிட்ட புனிதவதியார் செய்வதறியாது இறைவனிடம் ஒரு மாங்கனியை வேண்டினார். இறைவனும் கொடுத்தான். அதே அம்மையார் பின்னாளில் கயிலையில் தலையால் நடந்து சென்றார். "அம்மையே" என்று அழைத்த சிவபெருமான், வேண்டுவது யாது என்று வினவினான். இறவாத அன்பு வேண்டும், பிறவி வேண்டாம், ஒருவேளை பிறந்தாலும் உன்னை மறவாதிருக்கவேண்டும், நீ ஆடும்போது பாடிக்கொண்டு உன் அடியின்கீழ் இருக்கவேண்டும் என்று அம்மையார் தயக்கமின்றிக் கேட்டார் எனச் சேக்கிழார் சுவாமிகள் பெரியபுராணத்தில் அருளியுள்ளார்.

பயன் சொல்லக் கேட்டுக்கொண்டிருந்தபோது எனக்கு ஒன்று விளங்கியது. மாங்கனி கேட்டதற்காக இறைவன் அம்மையாரைக் குறைவாக எண்ணவில்லை. அந்த நேரத்து அவதிக்கு அதுவும் தேவையாக இருந்தது. ஆனால் அவர் மாங்கனிகளையே கேட்டுக்கொண்டிருக்கவில்லை. நானோ கேட்டுக்கொண்டே இருந்தேன். சைக்கிளை உருட்டிய இரவில் கொடுத்த முதல் மனு கோவையின் அடியில் கிடந்தது. அதன்மேல் எத்தனையோ மனுக்களை நானே அடுக்கிவிட்டேன். அந்த முதல் மனுவைப் பிள்ளையார் எப்போதோ நிறைவேற்றிவிட்டார். என் பிள்ளை உயிரோடு இருக்கிறான். அந்தத் தாய் கேட்டது அவருக்குக் கிடைத்ததா என்று எண்ணியபோது, எனக்குக் கோபிக்க என்ன இருக்கிறது என்று தோன்றியது. வீடு வெறுமையாகத்தான் இருக்கிறது. ஆயினும் மனக்குறை நீங்கிவிட்டது.

ஆகவே அன்பர்களே, அர்ச்சனைத் தட்டைக் கொடுக்குமுன் ஒரு நிமிடம் கண்ணை மூடி நில்லுங்கள். கேட்க வந்ததைக் கேளுங்கள், அதில் குற்றமில்லை. அது எதற்காக வேண்டும் என்றும் உங்களையே ஒருமுறை கேளுங்கள். ஏற்கெனவே கிடைத்தது ஏதும் அடியில் கிடக்கிறதா என்றும் பாருங்கள். இருந்தால், அன்றைய அர்ச்சனையை அதற்கு நன்றியாகச் செய்யுங்கள்.

எவ்வுயிரும் தாம் உண்மையில் வேண்டுவதை அறிந்து பெற்று நலமுற வாழ எம்மூர்ப் பிள்ளையாரின் பாதம் பணிந்து அமைகின்றேன்.