உப்புப் பார்க்கும் நாக்கு

பிரான்சின் நாந்த் நகரில் ஒரு சிறிய உணவகம். மேசையில் மூன்று பேர்: என்னைக் கவிதை வாசிக்க அழைத்திருந்த பேராசிரியை, அவருடைய ஆய்வு மாணவர், நான். அந்தப் பகுதியின் வெள்ளை ஒயினான மஸ்கடேயைத் தேர்ந்து சொன்னவர் பேராசிரியைதான். பரிமாறுபவர் தக்கையைத் திருகி எடுத்தார். ருசி பார்க்க ஒரு மிடறை மாணவரின் கோப்பையில் ஊற்றிவிட்டுக் காத்து நின்றார். எங்களில் அவர் ஒருவர்தான் ஆண். அவர் முகம் சிவந்து கோப்பையைப் பேராசிரியை பக்கம் நகர்த்த, அவர் சிரித்துக்கொண்டே என் பக்கம் நகர்த்தினார். "நீங்கள் சொல்லுங்கள்."

மதுக்கடையை மூடச் சொல்லி எங்கள் ஊர்ப் பெண்கள் சாலையில் உட்கார்ந்தபோது கூடவே உட்கார்ந்தவள் நான். குடித்துவிட்டு வரும் கணவனின் காலடிச் சத்தத்துக்குப் பயந்து வாழ்ந்தவர்கள் என் குடும்பத்திலேயே உண்டு. கோப்பையைக் கையில் எடுத்தபோது அவர்கள் எல்லோரும் பார்ப்பதுபோல் இருந்தது. அந்தக் கூச்சம் இன்னும் போகவில்லை. போக வேண்டும் என்றும் நான் நினைக்கவில்லை. ஆனால் என்னைத் திணறவைத்தது அது மட்டுமல்ல. ஒரு சுவை சரியா இல்லையா என்று நான் சொல்லும்வரை ஒருவர் காத்து நிற்பது எனக்குப் பழக்கமில்லை.

இத்தனைக்கும் இருபத்தைந்து வருடமாக நாள்தோறும் செய்கிற வேலைதான். கொதிக்கிற குழம்பில் ஒரு சொட்டை உள்ளங்கையில் விட்டு நக்கி உப்புப் பார்க்கிறோம், புளி பார்க்கிறோம். 'பார்ப்பது' என்றுதான் நம் மொழியும் சொல்கிறது. அந்தச் சொட்டு நமக்கானதல்ல. அவருக்கு உப்புக் குறைய வேண்டும், பிள்ளைக்குக் காரம் ஆகாது, மாமியாருக்குப் புளி தூக்கலாக வேண்டும். மூன்று பேரின் நாக்குக்காக நம் நாக்கை அளவுகோலாக நீட்டுகிறோம். உனக்கு எப்படிப் பிடிக்கும் என்ற கேள்வி அங்கே எழுவதே இல்லை.

வேடிக்கை என்னவென்றால், உணவகத்தில் ஊற்றப்படும் அந்த முதல் மிடறும் இதே சோதனைதான். பிடித்திருக்கிறதா என்று கேட்க அது ஊற்றப்படுவதில்லை. தக்கையால் ஒயின் கெட்டு, நனைந்த அட்டை வாடை வீசுகிறதா என்று பார்க்கத்தான். அடுப்படியில் செய்தால் வேலை, மேசையில் செய்தால் தீர்ப்பு.

குடித்தேன். குளிர்ந்த, மெலிந்த புளிப்பு. எலுமிச்சைத் தோலின் வாசம். நாக்கில் லேசாகச் சுருக்கென்றது. மெலோன் என்ற திராட்சை இது. 1709 கடுங்குளிரில் இந்தப் பகுதியின் கொடிகள் பட்டுப்போன பிறகு, குளிரைத் தாங்கும் என்று இதைப் பரவலாக நட்டார்கள். நொதித்த பிறகு அடியில் தங்கும் ஈஸ்ட் வண்டலோடு குளிர்காலம் முழுக்க விட்டுவைப்பார்கள். அந்தச் சுருக்கும், மெல்லிய ரொட்டி மாவு வாசமும் அதனால் வருபவை. அட்லாண்டிக் கரையின் பச்சைச் சிப்பிகளுக்கு இதுவே துணை.

எங்களுக்கு வந்தது ஆற்று மீன், மேலே பெர் பிளான் சாஸ். சின்ன வெங்காயத்தை வினிகரிலும் வெள்ளை ஒயினிலும் வற்றவிட்டு, குளிர்ந்த வெண்ணெயைத் துண்டு துண்டாகச் சேர்த்து அடித்துச் செய்வது. வெண்ணெய் நாக்கை மூடும். ஒரு மிடறு மஸ்கடே அதைக் கழுவிவிடும். வறுத்த மீன்மேல் எலுமிச்சை பிழிகிறவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

இந்த சாஸைக் கண்டுபிடித்தவராகச் சொல்லப்படுபவர் கிளெமான்ஸ் லெஃபெவ்ர். நாந்த்துக்கு அருகே லுவார் ஆற்றங்கரையில் சமைத்தவர். பேயர்நேஸ் என்ற வேறொரு சாஸ் செய்யப்போய் முட்டை மஞ்சள்கரு சேர்க்க மறந்ததால் இது பிறந்தது என்பது கதை. மாணவர் அதை ரசித்துச் சொன்னார். எனக்கு உறுத்தியது. மறந்தார் என்றே வைத்துக்கொள்வோம். கீழே கொட்டாமல், ஒரு சொட்டை வாயில் வைத்து, இது நன்றாக இருக்கிறது, இப்படியே போகட்டும் என்று முடிவெடுத்தது யார்? கதையில் மறதிக்கு இடமிருக்கிறது, அந்த முடிவுக்கு இல்லை.

நான் மட்டும் என்ன செய்திருக்கிறேன்? புறநானூற்றில் நக்கீரர் பாட்டொன்றில், யவனர் கொண்டுவந்த மதுவைப் பொற்கலத்தில் ஏந்திப் பாண்டியனுக்குத் தருகிறவர்கள் வளையணிந்த பெண்கள். பலமுறை வகுப்பில் நடத்தியிருக்கிறேன். அந்த மதுவின் ருசி அவர்களுக்குத் தெரிந்திருக்குமா என்று ஒருநாளும் கேட்டதில்லை. அதே நூலில் அதியமானோடு கள்ளைப் பகிர்ந்துகொண்ட ஔவையும் இருக்கிறார். அந்தப் பாட்டில் நட்பையும் கொடையையும் விரிவாகப் பேசிவிட்டு, கள்ளை அவசரமாகக் கடந்துவிடுவேன்.

தட்டுகள் காலியானபோது பேராசிரியை கேட்டார்: "உங்களுக்குப் பிடித்திருந்ததா?"

யோசித்தேன். ஒயின் தனியாகக் குடித்தபோது கொஞ்சம் வெறுமையாக இருந்தது, வெண்ணெயோடு பிடித்தது. மீனில் உப்புக் குறைவு. இதைச் சொல்ல எனக்குச் சற்று நேரமாயிற்று. அவர் காத்திருந்தார்.