ஊன்றுகோலும் தாளமும்

மாற்றுத்திறன் கொண்ட பிள்ளைகளுக்குப் பாட்டும் ஆட்டமும் ஓவியமும் எதற்காகக் கற்பிக்கப்பட வேண்டும் என்பது பள்ளிக்கல்வித் துறையோடு முடிந்துவிடும் கேள்வி அன்று. உடல் ஏன் இப்படி வாய்த்தது, குறை யாருடையது, கலை யாருக்கு உரியது என்ற பழைய சமயக் கேள்விகள் அதன் அடியில் கிடக்கின்றன. இவற்றைத் தொடும் இரண்டு சைவத் தலங்கள் திருவள்ளூர் மாவட்டத்திலேயே இருக்கின்றன. ஒன்று பூண்டியில் உள்ள திருவெண்பாக்கம்; மற்றொன்று திருவாலங்காடு.

திருவொற்றியூரில் சங்கிலியாரை மணந்த சுந்தரர், பிரியமாட்டேன் என்று மகிழ மரத்தடியில் செய்த சூளை மீறி ஊர் எல்லையைக் கடந்ததும் இரு கண்ணும் இழந்தார் என்கிறது பெரியபுராணம். தடுமாறி வெண்பாக்கம் வந்தவர், கோயிலுக்குள் இருக்கிறீரா என்று இறைவனைக் கேட்டார். இருக்கிறோம், நீர் போகலாம் என்று அயலார் போலப் பதில் வந்தது. கூடவே ஓர் ஊன்றுகோலும் கிடைத்தது, பார்வை கிடைக்கவில்லை. இடக்கண் காஞ்சியிலும் வலக்கண் திருவாரூரிலும் பின்னரே மீண்டன. 1944இல் பூண்டி நீர்த்தேக்கம் கட்டி முடிக்கப்பட்டதில் பழைய ஊர் நீருக்குள் போக, கோயில் இடம் மாற்றி அமைக்கப்பட்டது. ஊன்றீஸ்வரர் என்ற பெயர் இன்றும் வழங்குகிறது. கோபத்தில் சுந்தரர் வீசிய கோல் பட்டு நந்தியின் கொம்பு ஒடிந்தது என்பது தலவரலாறு.

உடற்குறை முன்வினைப் பயன் என்பதற்கு இக்கதையைச் சான்றாகக் காட்டுவோர் உண்டு. அது பொருந்தாது. சூளுரைத்து மீறிய ஒரு வளர்ந்த மனிதரின் கதை அது. பார்வையின்றிப் பிறந்த குழந்தையின் கதை அன்று. பிறவியிலேயே பார்வையற்ற தண்டியடிகளின்மேல் பெரியபுராணம் எந்தப் பழியும் சுமத்தவில்லை. அறுபத்துமூவரில் ஒருவராக வைத்துப் போற்றுகிறது. திருவாரூர்க் குளத்தைத் தோண்ட அவர் தறி நட்டுக் கயிறு கட்டி, அதைத் தடவியபடியே மண் சுமந்தார். பார்வையற்றோருக்கான நடமாட்டப் பயிற்சி என்று இன்று கற்பிக்கப்படுவதன் முதல் பாடம் அந்தக் கயிற்றில் இருக்கிறது என்றாலும் மிகையில்லை.

சைவ சித்தாந்தம் உடல்களுக்கு இடையிலான வேறுபாட்டை வினையோடு தொடர்புபடுத்துவது உண்மைதான். அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் அதே சித்தாந்தம் தனு (உடல்), கரணம் (அகக்கருவிகள்), புவனம் (உலகம்), போகம் (நுகர்பொருள்) ஆகிய நான்கையும் உயிர் அறிவு பெறுவதற்காகத் தரப்பட்ட கருவிகள் என்கிறது. கதிரவன் எழும்வரை இருளில் உதவும் விளக்கு போன்றது உடல். விளக்கு எப்படி வாய்த்தது என்று விசாரிப்பதைவிட அது எதைக் காட்டும் என்று பார்ப்பதே ஆசிரியரின் வேலை.

திருவெண்பாக்கத்தில் கலைக்கல்விக்கு வேண்டிய செய்தி வேறொன்று. அங்கே சுந்தரர் பாடியது நன்றிப் பாட்டு அன்று, முறையீடு. தோழனோடு போடும் சண்டை என்றும் சொல்லலாம். மரபு அதைக் குற்றமாக ஒதுக்காமல் தேவாரத்திலேயே சேர்த்து வைத்திருக்கிறது. இன்று மாற்றுத்திறன் மாணவர்கள் மேடையேறும்போது அவர்களிடம் எதிர்பார்க்கப்படுவது பெரும்பாலும் சிரிப்பும் நன்றியும்தான். ஆண்டு விழாவில் கண் கலங்கிக் கைதட்டும் கூட்டம், தாளம் தப்பியதைக் கவனிப்பதில்லை. தப்பியதை எடுத்துச் சொல்லாத ஆசிரியர் அந்தப் பிள்ளையை மாணவராகவே எண்ணவில்லை. கோபத்தையும் குறையையும் பாட இடம் தராத பயிற்சிக்குக் கலைக்கல்வி என்ற பெயர் பொருந்தாது.

அடுத்த கேள்வி, கலைக்கு எந்த உடல் தகுதியானது என்பது. நந்திகேசுவரரின் அபிநய தர்ப்பணம் என்ற நாட்டிய நூல் ஆடத் தகாதவர்களைப் பட்டியலிடுகிறது: கண்ணில் பூ விழுந்தவர், மிகப் பருத்தவர், மிக மெலிந்தவர், மிகக் குள்ளமானவர், கூன் விழுந்தவர், குரல் இல்லாதவர். பரதம் கற்பிக்கும் இடங்களில் இந்நூல் இன்றும் பாடம். பட்டியலை யாரும் உரக்கச் சொல்வதில்லை. ஆனால் சேர்க்கையின்போது ஆசிரியரின் கண்ணில் அது இருக்கும்.

திருவாலங்காடு இதற்கு எதிர்ப்பக்கம் நிற்கிறது. ஐந்து சபைகளுள் இரத்தின சபையான அங்கே, காளியோடு போட்டியிட்டுக் காலை உயரத் தூக்கி ஆடியவர் இறைவன். அந்த ஆட்டத்தின் கீழ் அமர்ந்து பாடும் பேற்றைப் பெற்றவர் காரைக்கால் அம்மையார். அழகைத் தாங்கிய தசையை உதறிப் பேயுரு வேண்டியவர், கயிலைக்குத் தலையால் நடந்தவர். சோழர் காலச் செப்புத் திருமேனிகளில் எலும்பும் தோலுமாகக் கையில் தாளத்தோடு அமர்ந்திருக்கிறார். நட்டபாடையிலும் இந்தளத்திலும் அமைந்த அவருடைய இரண்டு பதிகங்கள் தேவார மூவருக்கும் முந்தியவை. அதனால்தான் மூத்த திருப்பதிகம் என்று பெயர். பட்டியலின்படி ஆடத் தகாத உடலிலிருந்துதான் தமிழ்ப் பதிக மரபு தொடங்குகிறது. ஒன்றை மட்டும் மறக்கக் கூடாது: அம்மையார் அவ்வுடலை வேண்டிப் பெற்றார், ஊனமுற்ற பிள்ளை எதையும் வேண்டிப் பெறவில்லை. ஆகவே ‘உடல் பொருட்டல்ல’ என்று அந்தப் பிள்ளைக்கு உபதேசிக்க இக்கதையைப் பயன்படுத்துவது எளிய தந்திரம். கதை கேள்வி கேட்பது பட்டியல் வைத்திருப்பவர்களை.

தமிழ் இலக்கிய வரலாறும் இதற்குத் துணை நிற்கிறது. ஒருவர் நடக்க இயலாதவராகவும் மற்றவர் பார்வையற்றவராகவும் இருந்த இரட்டைப் புலவர்கள், ஒருவர் தொடங்கியதை மற்றவர் முடிக்கும் வெண்பாக்களோடு தில்லைக் கலம்பகமும் பாடினர். அந்தகக்கவி வீரராகவ முதலியார் முதுகில் எழுத்தை எழுதச் செய்து கற்றார் என்பது வழிவழிச் செய்தி. இவர்களை யாரும் இரக்கத்தால் புலவர் என்று அழைக்கவில்லை.

பூந்தமல்லியில் பார்வையற்றோருக்கான அரசுப் பள்ளி உண்டு. இத்தகைய பள்ளிகளில் பாட்டு நன்கு வேரூன்றியதற்குக் காரணம் பார்வையற்றோருக்குத் தனிச் செவி உண்டு என்பதன்று. கேள்வி ஞானத்தால் கற்பிக்கப்படும் இசையில் ஏடு தேவையில்லை. தொடக்கக் கோடு எல்லார்க்கும் ஒன்றே. செவித்திறன் குறைந்த பிள்ளை ஆட்டத்தில் சேர வேண்டுமென்றால் ஆசிரியர் முறையை மாற்ற வேண்டும்: சொற்கட்டைக் கைச்சைகையாகவும் தரையின் அதிர்வாகவும் தர வேண்டும். சென்னையில் 1989இல் நாட்டியக் கலைஞர் அம்பிகா காமேஷ்வர் தொடங்கிய ரமண சுந்ருத்ய ஆலயா, நாடகம், இசை, நாட்டியம், கதை ஆகியவற்றை இணைத்து அறிவு வளர்ச்சி குன்றியவர்கள் உட்படப் பலருக்கும் கற்பித்து வருகிறது. ரமண மகரிஷியின் பெயரைத் தாங்கியது அந்நிறுவனம். ‘நான் யார்’ என்று கேட்டவர் ‘உடல் நான் அல்ல’ என்பதிலிருந்து தொடங்கினார். நாட்டியமோ உடல் இல்லாமல் ஓர் அடியும் வைக்காது. அந்த முரண் அவ்வகுப்பறைக்கு ஒரு வளம்.

உடற்குறை மட்டுமன்றி வறுமையும் பிள்ளைகளைக் கலையிலிருந்து விலக்குகிறது; கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிற்பேட்டையைச் சுற்றிய ஊர்களில் அதைக் காணலாம். பிள்ளையின் எதிர்காலம் என்றால் ஐடிஐயும் ஷிஃப்ட் வேலையும்தான் கணக்கு. செங்கல் சூளைக்கு ஒடிசாவிலிருந்து வரும் குடும்பங்கள், இருளர் குடியிருப்புகள், இலங்கைத் தமிழர் முகாம் எனப் படிப்பு எளிதில் அறுந்துபோகும் இடங்கள் திருவள்ளூர் மாவட்டத்தில் பல. இவர்களுக்கு முதலில் சோறு, பிறகு எழுத்து, கடைசியில் கலை என்ற வரிசை நியாயமாகத் தோன்றும். காஞ்சிபுரத்துக்கு அருகே புஞ்சரசந்தாங்கலில் பெ. ராஜகோபாலும் ஹன்னே டி புருயினும் 2002 முதல் 2020 வரை நடத்திய கட்டைக்கூத்து குருகுலம் அந்த வரிசையை ஏற்கவில்லை. ஏழைக் குடும்பத்துப் பிள்ளைகள் அங்கே பள்ளிப் பாடத்தையும் கூத்தையும் ஒன்றாகவே கற்றனர். சிறுமிகளும் கட்டை எனும் மர அணிகலன்களைக் கட்டி ஆடினர். இரவெல்லாம் கர்ணனாக நின்று பேசப் பழகிய பிள்ளைக்குப் பேச்சு என்பது பிறர் தருவதற்காகக் காத்திருக்கும் பொருளாக இருப்பதில்லை.

மாற்றுத்திறனாளிகளைப் பொறுத்தவரை சட்டம் இவ்வழிக்கு வந்துவிட்டது. மாற்றுத்திறனாளிகளின் உரிமைகள் குறித்து இந்தியா 2007இல் ஏற்ற ஐ.நா. உடன்படிக்கையின் 30ஆம் பிரிவு, அவர்களின் படைப்பாற்றல் அவர்களுடைய நன்மைக்காக மட்டுமன்றிச் சமூகத்தின் வளத்துக்காகவும் வளர்க்கப்பட வேண்டும் என்கிறது. பெறுபவர் என்ற நிலையிலிருந்து கொடுப்பவர் என்ற நிலைக்கு அவர்களை நகர்த்தும் சொல் அது. 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 29ஆம் பிரிவு, கலைப் பாடத்திட்டங்களையே அவர்களும் பங்கேற்கும்படி திருத்தி அமைக்கச் சொல்கிறது.

பள்ளியில் இதைச் செய்ய வேண்டியவர்கள் யார்? 2012இல் தமிழக அரசுப் பள்ளிகளில் ஓவியம், இசை, தையல், உடற்கல்வி போன்றவற்றுக்கு 16,549 பகுதிநேர ஆசிரியர்கள் மாதம் 5,000 ரூபாய் தொகுப்பூதியத்தில், வாரத்துக்கு மூன்று அரைநாள் வேலைக்கு அமர்த்தப்பட்டனர். தொகுப்பூதியம் பின்னர் சிறுகச் சிறுக உயர்ந்தது. பணி நிரந்தரம் கேட்டு அவர்கள் பல ஆண்டுகளாகப் போராடி வருகின்றனர். மறுபுறம் மாற்றுத்திறன் பிள்ளைகளுக்கான வட்டார வள மையத்துச் சிறப்பாசிரியர் பல பள்ளிகளுக்கு அலைகிறார். இசை தெரிந்தவருக்குச் சைகை மொழி தெரியாது. சைகை மொழி தெரிந்தவருக்கு இசை தெரியாது. இந்த இருவரையும் வாரம் ஒரு நாளாவது ஒரே வகுப்பறையில் நிற்க வைப்பதற்குப் புதிய சட்டமோ பெரிய நிதியோ வேண்டியதில்லை. கால அட்டவணையில் ஒரு பாடவேளை போதும். அதை மாவட்டக் கல்வி அலுவலகமே செய்யலாம்.