கைத்தொழிற் கல்வி: விடுதலையா, விலங்கா?

கனிஷ்ட இடைநிலை வகுப்பில் சமையலும் மரவேலையும் கற்பிக்கலாமா என்ற கேள்வி, பாடத்திட்டம் வகுப்போர் தீர்க்கவேண்டிய சிறு கேள்வி போலத் தோன்றும். பளை போன்ற ஊரில், தேங்காய் உரித்தும் கிடுகு பின்னியும் வாழும் பெற்றோர் முன்னிலையில் அதனை எழுப்பினால்தான் அதன் கனம் புலனாகும். "நாங்கள் படுகிற பாடு போதாதோ? பிள்ளையும் தேங்காய் உரிக்கவோ பள்ளிக்கூடம் போகுது?" என்பார்கள். இதனை அறியாமை என்று ஒதுக்குவது ஆசிரியர்களாகிய நமக்கு எளிது, ஆனால் நேர்மையாகாது. இந்த அச்சத்திற்கு ஒரு வரலாறு உண்டு.

1953இல் சென்னை மாநில முதலமைச்சர் இராஜாஜி, கிராமப்புற ஆரம்பப் பள்ளிகளின் நேரத்தை நாளொன்றுக்கு மூன்று மணியாகக் குறைத்தார். எஞ்சிய பொழுதில் பிள்ளை தன் குடும்பத் தொழிலைக் கற்கட்டும் என்பது திட்டம். சாதிவழியே தொழில் பகிரப்பட்ட சமுதாயத்தில் இதன் பொருள் என்ன? வண்ணான் மகன் வண்ணானாகவே இருக்கவேண்டும் என்பதன்றி வேறென்ன? மக்கள் அதனைக் 'குலக்கல்வி' என்றழைத்து எதிர்த்தனர். 1954இல் காமராசர் ஆட்சி அதனைக் கைவிட்டது.

இலங்கையின் அனுபவம் வேறு. 1971 இளைஞர் கிளர்ச்சியைத் தொடர்ந்து, 1972ஆம் ஆண்டுச் சீர்திருத்தம் 'தொழில் முன்னிலைப் பாடங்களை'ப் பாடசாலைக்குக் கொணர்ந்தது. கிராமத்துப் பிள்ளைக்கு மட்டுமன்றி நகரத்துப் பிள்ளைக்கும் அவை உரியனவாயின. ஆயினும் போதிய கருவிகள் இல்லை. பயிற்சி பெற்ற ஆசிரியரும் இல்லை. உத்தியோகமே கல்வியின் பயன் என்ற எண்ணமும் மாறவில்லை. 1977 ஆட்சி மாற்றத்தோடு அம்முயற்சி கைவிடப்பட்டது. பின்னாளில் ஆறாம் தரம் முதல் ஒன்பதாம் தரம் வரைக்குமாகச் 'செயன்முறைத் தொழினுட்பத் திறன்கள்' என்ற பாடம் வந்தது.

இவ்விரு அனுபவங்களிலிருந்தும் நாம் பெறுவது யாது? கைவேலை தன்னளவில் விடுதலையுமன்று, விலங்குமன்று. அதனை அளக்க இரண்டு கேள்விகள் போதும்.

முதலாவது: செய்கையோடு அதன் காரணமும் கற்பிக்கப்படுகிறதா? தேங்காய் உரிக்கப் பளைச் சிறுவனுக்குப் பள்ளிக்கூடம் வேண்டியதில்லை. ஆனால் பச்சைப் பருப்பில் ஏறத்தாழப் பாதி நீர் என்பதையும், நன்கு உலர்ந்த கொப்பராவில் அது நூற்றுக்கு 6 அளவே என்பதையும், ஈரம் எஞ்சினால் பூஞ்சணம் பிடித்து நஞ்சாகும் என்பதையும் அவன் அறியவேண்டும். ஒரு கிலோப் பருப்பு உலர்ந்தபின் சுமார் 530 கிராமாகும் என்று தானே நிறுத்துக் கணக்கிட வேண்டும். அப்பொழுது வாங்குபவனின் தராசின் முன் அவன் வாய்மூடி நிற்கமாட்டான். தந்தையின் தொழில் அவனுக்குத் தலைவிதியாக இராது, ஆராயத்தக்க பொருளாகிவிடும்.

இரண்டாவது: இவ்வேலையிலிருந்து யாருக்கு விலக்கு? வைத்தியர் மகனுக்கு விலக்களித்துக் கூலியாளின் மகனுக்கு மட்டும் உளியைக் கொடுத்தால், அது குலக்கல்வியின் மறுபிறவியே. அவ்வாறே, அடுப்பு பெண்பிள்ளைக்கும் வாள் ஆண்பிள்ளைக்கும் எனப் பிரித்தாலும் அநீதியே. 2009இல் முடிந்த போருக்குப் பின் வன்னியில் பெண்களே தலைமை தாங்கும் குடும்பங்கள் பல. பகலெல்லாம் உழைத்து மீளும் தாய், வளர்ந்த மகனுக்குப் பிட்டவித்துக் கொடுக்கவும் வேண்டுமா? ஒடியல் மாவை நீரில் ஊறவிட்டுக் கயர்ப்பு நீக்கிப் பிட்டவிக்க அவனும் கற்கட்டும். கூரைத் தடியை அளந்தறுக்க அவன் தங்கையும் கற்கட்டும்.

1848இல் வெளிவந்த கம்யூனிஸ்டு அறிக்கை, தொழிற்சாலையில் குழந்தை உழைப்பை ஒழிக்கவேண்டும் என்றும், கல்வியை உற்பத்தியோடு இணைக்கவேண்டும் என்றும் ஒருங்கே கேட்டது. இரண்டும் முரணல்ல. குழந்தையின் உழைப்பை உறிஞ்சுவது ஒன்று. உழைப்பை அறிவாக்குவது மற்றொன்று.

இறுதியாக ஒன்று. சமையல் பாடத்திற்கு மாவும் எண்ணெயும் வீட்டிலிருந்து கொண்டுவரச் சொன்னால், அன்று வகுப்பிற்கு வராமல் நிற்பது ஏழைப் பிள்ளையே. சமத்துவம் கற்பிக்க வந்த பாடமே அவனை வெளியே நிறுத்திவிடும். ஆகவே பொருளும் கருவியும் அரசின் செலவிலேயே வழங்கப்படல் வேண்டும். அதனைக் கேட்டுப் பெறும்வரை, இருப்பதைக் கொண்டு எல்லாப் பிள்ளைகளையும் ஒரே மேசையைச் சுற்றி நிறுத்துவது நம் கடமையாகும்.