லாடம்: அடங்குவதும் சம்மதிப்பதும்

'லாடம் கட்டுவது' என்றால் தமிழில் இரண்டு அர்த்தம். மாட்டுக்கும் குதிரைக்கும் குளம்பில் இரும்பு அடிப்பது ஒன்று. போலீஸ் ஸ்டேஷனில் உள்ளங்காலில் லத்தியால் அடிப்பது இன்னொன்று. சேரியிலும் குப்பத்திலும் வளர்ந்த பிள்ளைக்கு இரண்டாவது அர்த்தம்தான் முதலில் தெரியும். 'இவனுக்கு லாடம் கட்டினாத்தான் சரிப்படுவான்' என்ற பேச்சில் மொழி ஒரு வேலையைச் செய்து முடித்துவிடுகிறது. கட்டிப்போட்ட மிருகத்துக்குச் செய்வதை யாரும் கேள்வி கேட்பதில்லை. எனவே எவனை மிருகமாக்க முடியுமோ அவனுக்குச் செய்வதையும் யாரும் கேட்கப்போவதில்லை. இதனால்தான் குதிரையின் லாடத்தைப் பற்றிப் பேசுவது நம்முடைய வேலையும்தான் என்கிறேன்.

மாலைப் பாடம் சொல்லிக்கொடுக்க நொச்சிக்குப்பம் போகிறவன் நான். மெரினாவில் சவாரி ஓட்டும் குதிரைகள் சில லூப் ரோடு ஓரமாகக் கட்டிக்கிடக்கும். அதில் ஒன்று லாடம் அடிக்கக் காலைத் தராது. 'அது சண்டி சார். கால தொட்டாலே ஒதைக்கும்' என்றான் அதை ஓட்டுகிற பையன். மேலுதட்டில் கயிற்றைச் சுற்றி முறுக்கிப் பிடித்தார்கள். குதிரை ஆடாமல் நின்றது. 'பாத்தியா, அடங்கிடுச்சு' என்றார் பக்கத்தில் நின்றவர்.

அடங்கியதா, சம்மதித்ததா? என்னுடைய கேள்வி இதுதான்.

குதிரையின் பக்கமிருந்து பார்ப்போம். அது ஓடிப் பிழைக்கிற ஜீவன். ஆபத்து வந்தால் அதற்கிருக்கிற ஒரே ஆயுதம் கால். அந்தக் காலைத்தான் ஒருவன் தூக்கிப் பிடித்துக்கொள்கிறான். மூன்று காலில் நிற்க வேண்டும், ஓட முடியாது. குளம்பின் வெளிச்சுவர் நம்ம நகம் மாதிரி, அதில் உணர்ச்சி கிடையாது. ஆணி அந்த ஓரத்தோடு நின்றால் வலியில்லை. கொஞ்சம் உள்ளே இறங்கிவிட்டால் உயிர்ச்சதையில் குத்தும். ஒருமுறை குத்தியதைக் குதிரை மறக்காது. குளம்பு வளர்ந்துகொண்டே இருப்பதால் ஆறு, எட்டு வாரத்துக்கொருமுறை லாடத்தைக் கழற்றி, சீவி, மறுபடி அடித்தாக வேண்டும். மூட்டில் வாதம் இருக்கிற கிழட்டுக் குதிரைக்குக் காலை மடக்கிவைப்பதே வேதனை. இத்தனைக்கும் சேர்த்து நாம் வைத்திருக்கிற ஒற்றைப் பெயர் 'சண்டி'.

இந்தப் பெயர் நமக்குப் புதிதல்ல. கூலி கேட்டவனுக்குத் 'திமிரு'. பறையடிக்க வரமாட்டேன் என்றவனுக்குக் 'கொழுப்பு'. மறுப்பவனின் குணத்தைப் பேசத் தொடங்கிவிட்டால் அவன் எதை மறுக்கிறான் என்று பார்க்க வேண்டிய அவசியம் போய்விடுகிறது.

வேறு வழி உண்டு. தொழில் தெரிந்தவர்கள் அதைச் செய்தும் வருகிறார்கள். முதலில் வலி இருக்கிறதா என்று பார்ப்பது. அதற்கு வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரியில் இடம் இருக்கிறது. லாடம் அடிக்காத நாட்களிலும் காலைத் தொட்டு, ஒரு நொடி தூக்கி, அது இழுப்பதற்கு முன்னால் நாமே இறக்கிவிடுவது. நாளுக்கு நாள் நேரத்தைக் கூட்டுவது. பக்கவாட்டில் இழுக்காமல் வயிற்றுக்குக் கீழேயே தாழ்வாகப் பிடிப்பது. ஆணியில்லாமல் சுத்தியலால் லேசாகத் தட்டிச் சத்தத்தைப் பழக்குவது. பழகிய குதிரையொன்றைப் பக்கத்தில் நிறுத்துவது. அப்படியும் தாங்காததற்கு டாக்டர் மயக்க ஊசி போடுவார். ஒவ்வொரு கால் முடிந்ததும் இளைப்பாற விடுவது.

இதிலும் கடைசியில் லாடம் அடிக்கத்தானே செய்கிறோம், குதிரையை யார் கேட்டார்கள்? யாரும் கேட்கவில்லைதான். சம்மதம் என்ற பெரிய வார்த்தையை இங்கே போட எனக்குக் கூச்சமாக இருக்கிறது. ஆனால் ஒரு வித்தியாசம் இருக்கிறது. உதட்டை முறுக்குகிறவனுக்குக் குதிரையின் மறுப்பு ஒரு தடை. காலை இறக்கிவிடுகிறவனுக்கு அதே மறுப்பு ஒரு செய்தி. முன்னதில் குதிரை பேசவே முடியாது. பின்னதில் அது 'வேணாம்' என்று சொல்லலாம். சொன்னால் ஏதோ நடக்கும்.

ஒரு தோழர் கேட்டார்: 'மனுசனுக்கே நாயம் கெடைக்கல. உனக்குக் குதிர கேக்குதா?' கோபத்தில் நியாயமுண்டு. ஆடுமாடுகள் குடிக்கலாம், நாம் குடிக்கக்கூடாது என்றிருந்த குளத்து நீரை எடுக்கத்தான் 1927-இல் மகாடில் அம்பேத்கர் மக்களைத் திரட்டிப் போனார். குஜராத்தின் பாவ்நகர் மாவட்டத்தில் 2018-இல் ஒரு தலித் இளைஞர் கொல்லப்பட்டார். குதிரை வைத்திருந்ததும் அதில் ஏறிப் போனதும்தான் காரணம் என்றது குடும்பம். ஜல்லிக்கட்டு வழக்கில் ஊரெல்லாம் காளையைப் பற்றியே பேசியது. 2017 ஜனவரி 23-இல் போலீஸ் அடி விழுந்தது நடுக்குப்பத்தின் மீது. எரிந்தது மீன் மார்க்கெட். மிருகத்தின் மேல் காட்டும் பரிவு மனிதனை மிதிக்கும் சாக்காக முடியும் என்பது நமக்குப் பட்டுத் தெரிந்த பாடம்.

அதனால்தான் பொறுமைக்கும் ஒரு விலை இருக்கிறது என்பதைச் சேர்த்துச் சொல்ல வேண்டும். குதிரையோடு தினம் அரை மணி உட்கார அந்தப் பையனுக்கு யார் கூலி தருகிறார்கள்? சவாரிக்காசில் பாதி முதலாளிக்கு, மீதி கொள்ளுக்கு, தவிட்டுக்கு. காரிலிருந்து இறங்கி அவனைக் 'கொடூரன்' என்று திட்டிவிட்டுப் போவது சுலபம். குதிரையின் உதட்டை முறுக்கும் கயிற்றின் மறுமுனை அவன் கழுத்திலும் சுற்றியிருக்கிறது. அதற்காக அவன் முறுக்குவது சரியாகிவிடாது. யாரிடம் முதலில் கணக்குக் கேட்பது என்பது தெளிவாகும்.

'புத்தரும் அவர் தம்மமும்' நூலில் அம்பேத்கர் கருணையையும் மைத்ரியையும் பிரித்துக் காட்டுகிறார். கருணை மனிதர்மீது வைப்பது. மைத்ரி எல்லா உயிரையும் தோழமையாகக் கொள்வது. முதலாவதோடு நிற்கக்கூடாது என்பது அவர் வாதம். குளத்தில் குடிக்கவிடாமல் தடுக்கப்பட்ட ஜனத்தின் தலைவர் இதைச் சொன்னார் என்பதை யோசிக்க வேண்டும். நம்மை மிருகம் என்றவர்களுக்கு 'நாங்க மிருகமில்ல' என்பது பாதிப் பதில்தான். மிருகத்தையும் அப்படி நடத்தாதே என்பது மீதிப் பதில். அதைச் சொல்லாமல் விட்டால் அந்தக் கயிறு அப்படியே இருக்கும். அடுத்து எவன் மிருகமாக்கப்படுகிறானோ அவனுக்கு உதவும்.